பொன்னேரிக் கரையிலிருந்து ஒரு தளபதியைப் பார்க்கிறேன்

உட்கோட்டையில் எங்கள் தாத்தா வீட்டு அடுப்படிச் சுவரின் செங்கல் மட்டும் வேறு மாதிரி இருக்கும். அகலமாக, தட்டையாக. மாளிகைமேட்டுப் பக்கம் ஏர் ஓட்டும்போது கிடைத்தது என்பார். 1980 வாக்கில் தொல்லியல் துறை அங்கே குழி போட்டு, சோழர் அரண்மனையின் தடித்த சுவர்களையும் சீனத்துப் பீங்கான் ஓடுகளையும் வெளியே எடுத்தபோது அதே கல்லை மறுபடி பார்த்தேன். ராஜேந்திர சோழன் வீட்டுக் கல்லில் முதுகைச் சாய்த்துக் கூழ் குடித்து வளர்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று ஒப்பித்தோம். முடி சூடுவதற்கு முன் அவன் அப்பாவின் படையில் எத்தனை காலம் உழைத்தான் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா ராஜராஜன் காலத்திலேயே அவன் மகாதண்டநாயகன், அதாவது பெருந்தளபதி. பஞ்சவன் மாராயன் என்ற பட்டத்தோடு கங்க மண்டலமும் வேங்கி மண்டலமும் அவன் பொறுப்பில் இருந்தன. அரண்மனைக்குள் வளர்ந்த இளவரசன் என்பதைவிட, கூடாரத்தில் தூங்கிப் பழகியவன் என்பதே பொருந்தும்.

கர்நாடகத்து ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சாளுக்கியன் சத்யாசிரயன் காலத்தது. சோழன் ஒன்பது லட்சம் பேரோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றான் என்கிறது. ஒன்பது லட்சம் என்பது பயம் பெருக்கிய கணக்கு. ஆனால் கொள்ளையும் கொலையும் நடக்கவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆடித் திருவாதிரை விழாவில் ராஜேந்திரன் புகழ் பாடும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்தக் குழந்தைகளும் என் நினைவுக்கு வருகிறார்கள்.

1012-இல் அப்பாவோடு சேர்ந்து ஆட்சி, 1014 முதல் தனி ஆட்சி. அரசனான பிறகும் தளபதிக் குணம் போகவில்லை. பாண்டியர்கள் தங்கள் மணிமுடியை ஈழத்தில் அடைக்கலம் வைத்து நூறு வருடம் ஆகியிருந்தது. ராஜேந்திரனின் முன்னோன் பராந்தகன் படையனுப்பியும் கிடைக்காத பொருள் அது. ராஜேந்திரன் 1017 வாக்கில் அதை எடுத்துவந்தான். கூடவே அரசன் ஐந்தாம் மகிந்தனும் சிறைப்பட்டு வந்தான். பன்னிரண்டு வருடம் சோழ நாட்டிலேயே இருந்து இறந்தான்.

கங்கைப் படையெடுப்பில்தான் அவன் மாறியது தெரிகிறது. 1023 வாக்கில் நடந்த அந்தப் போருக்கு அவன் நேரில் போகவில்லை. வங்கத்து மகிபாலனை வென்றுவந்த தன் தளபதிக்காகக் கோதாவரிக் கரையில் காத்திருந்தான். தோற்ற அரசர்கள் சுமந்துவந்த கங்கை நீரை அங்கே வாங்கிக்கொண்டான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்லிவிட்டு, அவன் வெட்டிய சோழகங்கம் ஏரியைத் தண்ணீராலான வெற்றித்தூண் என்கிறது. ஊர் ஊராகக் கல்லில் வெற்றித்தூண் நட்ட காலம் அது. இந்தச் செம்மண் காட்டுக்கு என்ன தேவை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஏரியைத்தான் நாங்கள் பொன்னேரி என்கிறோம். காலையில் எழுந்ததும் தாத்தா கேட்கும் முதல் கேள்வி, “ஏரியில தண்ணி எம்புட்டுடா கெடக்கு?” என்பதுதான். பாதி வருடம் “இல்ல தாத்தா” என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ராஜேந்திரன் இங்கே கட்டிய கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பத்தை மட்டும் நின்று பாருங்கள். கீழே குனிந்திருக்கும் சண்டேசரின் முகத்தில் வெற்றிச் செருக்கு துளியும் இல்லை. சுற்று மதில் இப்போது முழுசாக இல்லாததற்கும் தண்ணீரே காரணம்: 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அணையால் விளைந்த வயல்களில் என் சொந்தக்காரர்களும் நாற்று நட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை.

ராஜேந்திரன் 1044-இல் இறந்தான். இங்கே அல்ல, செய்யாறு பக்கம் பிரம்மதேசத்தில். அரசி வீரமாதேவி உடன்கட்டை ஏறினாள். அவளுடைய உடன்பிறந்தான் மதுராந்தகன் பரகேசரி வேளான், அவனும் ஒரு சேனாபதி. ராஜேந்திரன், வீரமாதேவி இருவரின் தாகம் தணிய அந்த ஊரில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தான். கல்வெட்டு இருக்கிறது.