லேப்டாப் விசிறியின் கடைசி ஆயிரம் சுற்று

லேப்டாப்பில் ஒரு கடிதம்தான் தட்டச்சு செய்துகொண்டிருப்போம். திடீரென்று உள்ளே விசிறி இரைய ஆரம்பிக்கும். அரை நிமிடத்தில் அடங்கும், மறுபடி கிளம்பும். இந்த விசிறியின் வேகத்தைக் குறைக்க வழி உண்டா என்று பலர் தேடுகிறார்கள். உண்டு. ஆனால் விசிறியில் கைவைப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், பெரும்பாலும் அதற்கு அவசியமே வராது.

2017இல் வந்த இன்டெல் ஐ5-8250யு என்ற பிராசசரை எடுத்துக்கொள்வோம். மெல்லிய லேப்டாப்களில் பரவலாக இருந்த சிப் இது. இன்றும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் நிதான வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், அதற்கான வெப்ப அளவு 15 வாட். அவசர வேலை வந்தால் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை தாவும். இன்டெல் 2008இல் கொண்டுவந்த ‘டர்போ பூஸ்ட்’ ஏற்பாடு இது. அப்படித் தாவும்போது, தயாரிப்பாளர் வைத்திருக்கும் வரம்பைப் பொறுத்து, சில நொடிகளுக்கு 15 வாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் இழுக்கும். இழுத்ததெல்லாம் சூடாகத்தான் முடியும். சுண்டுவிரல் நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டிலிருந்து அவ்வளவு சூட்டையும் நொடிக்கு நொடி அப்புறப்படுத்தியாக வேண்டும்.

சிப்பின் மேல் சாம்பல் நிறப் பசை ஒன்று பூசியிருக்கும், அதுதான் தெர்மல் பேஸ்ட். அதன்மேல் செம்புத் தகடு. தகட்டிலிருந்து தட்டையான செம்புக் குழாய் ஒன்று லேப்டாப்பின் ஓரம் வரை போகும். ‘ஹீட் பைப்’ என்ற இந்தக் குழாயை உருப்படியாகச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் குரோவர், 1963இல். பார்வைக்கு வெறும் செம்புக் கம்பி மாதிரிதான் இருக்கும். உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் நூறு டிகிரிக்கெல்லாம் காத்திருக்காமல் மிதமான சூட்டிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே நீராகிச் சூட்டை விட்டுவிட்டு, உட்சுவரில் ஒட்டியிருக்கும் செம்புத் துகள் படலம் வழியாக ஊறித் திரும்பும். மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும். அவற்றின் இடுக்கு வழியாகக் காற்றைத் தள்ளுவதற்குத்தான் விசிறி.

சீலிங் ஃபேன் சத்தமில்லாமல் சுற்ற, உள்ளங்கையில் அடங்கும் இது மட்டும் ஏன் அலறுகிறது? சின்னது என்பதால்தான். போதுமான காற்றைத் தள்ள நிமிடத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் சுற்று சுற்றியாக வேண்டியிருக்கிறது. விசிறிக்கு 37 இறக்கைகள் என்று வைத்துக்கொண்டால், 4,000 சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 2,470 முறை ஓர் இறக்கை வெளிவாயைக் கடக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. எரிச்சல் நம் சுபாவத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது! 2012இல் ரெட்டினா திரையுள்ள மேக்புக் ப்ரோவை வெளியிட்டபோது, விசிறி இறக்கைகளைச் சம இடைவெளியில் வைக்கவில்லை என்பதை ஆப்பிள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. இடைவெளி மாறினால் ஒரே சுருதியில் குவியும் ஒலி பல சுருதிகளாகச் சிதறும். அளவு பெரிதாகக் குறையாது, காதைக் குத்துவது குறையும்.

விசிறிப் பொறியாளர்கள் கையாளும் இன்னொரு விதிதான் நமக்கு முக்கியம். சுற்று பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் ஒலி 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். பாதியாக்கக்கூட வேண்டாம், 5,000 சுற்றை 4,000 ஆக்கினாலே 5 டெசிபல் போய்விடும். காற்றில் இழப்பது ஐந்தில் ஒரு பங்குதான்.

பிராசசர் பக்கமும் இதே கதை. அது இழுக்கும் மின்சாரம் வேகத்தைப் பொறுத்து ஒருமுறையும், மின்னழுத்தத்தைப் பொறுத்து இருமுறையும் பெருகும். வேகம் கூட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இரண்டையும் 20 சதவீதம் குறைக்க முடிந்தால் சூடு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆக, சிப்பின் உச்ச வேகத்தில் கிடைக்கும் கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் அதிகச் சூடு. விசிறியின் கடைசி ஆயிரம் சுற்றுக்குத்தான் அதிகச் சத்தம். கடிதம் எழுதுகிறவருக்கு இந்த இரண்டுமே தேவையில்லை.

விண்டோஸில் பழைய கன்ட்ரோல் பேனலுக்குள் பவர் ஆப்ஷன்ஸ் என்று இருக்கும். அதன் உள் அமைப்புகளில் பிராசசரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று காட்டும். அதை 99 ஆக்குங்கள். குறைவது ஒரு சதவீதம் என்று தோன்றும். ஆனால் பல இன்டெல் லேப்டாப்களில் இந்த ஒரு சதவீதம் டர்போவையே நிறுத்திவிடுகிறது. எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் 1.6 கிகாஹெர்ட்ஸ் போதும். கனமான எக்செல் கோப்பைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் இந்த அமைப்பை மறைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே தயாரிப்பாளரே தரும் ‘சைலன்ட்’ அல்லது ‘கொயட்’ முறையைப் பயன்படுத்தலாம். என் கணிப்பில் இதுதான் சிரமமே இல்லாத வழி. வாட் வரம்பையும் விசிறி அட்டவணையையும் அது சேர்த்தே இறக்குகிறது.

சும்மா இருக்கும்போதே விசிறி ஓடுகிறதென்றால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். அப்டேட், வைரஸ் சோதனை, நேற்றுத் திறந்து மறந்துபோன ஒரு டேப் என்று யாராவது அங்கே உழைத்துக்கொண்டிருப்பார்கள். யூடியூபும் சந்தேகத்துக்குரியதுதான். ஏவி1 என்ற புதிய வடிவத்தில் வரும் வீடியோவை விரிக்கத் தனி வன்பொருள் 8250யு போன்ற சிப்களில் கிடையாது. பிராசசரே மூச்சு முட்ட அந்த வேலையைச் செய்யும். யூடியூப் கணக்கு அமைப்பில் ஏவி1ஐக் குறைந்த தெளிவுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால் உடனே வித்தியாசம் தெரியும்.

அறையின் சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தகடுகள் 65 டிகிரியில் இருந்தால், 25 டிகிரி ஏசி அறையில் வித்தியாசம் 40. மே மாதச் சென்னையில் 38 டிகிரி அறையில் அது வெறும் 27. அதே சூட்டை வெளியேற்ற விசிறி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு எட்டு டெசிபலுக்கும் மேல் கூடுதல் சத்தம். ஜனவரியில் அமைதியாக இருந்த லேப்டாப் கோடையில் இரைந்தால் அது பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மெத்தைமேல் வைத்து அடிப்பக்கத் துளைகளை அடைத்துவிட்டால் ஜனவரியிலும் இரையும்.

இரண்டு மூன்று வருடம் ஓடிய லேப்டாப்பில் தூசியைப் பார்க்காமல் வேறெதைச் செய்தும் பிரயோசனமில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் இறக்கைகள் சுத்தமாகத்தான் தெரியும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கும், அதை உரித்துப் பார்க்க வேண்டும். தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். ட்வீசரால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாகவே வந்துவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்கிறவர்கள் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். அதற்கு ஹீட் பைப்பைக் கழற்ற வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் கடையில் கொடுப்பது நல்லது.

இத்தனைக்கும் அடங்காவிட்டால்தான் விசிறியின் கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். அந்தக் கடிவாளம் விண்டோஸிடமோ லினக்ஸிடமோ இல்லை. ‘எம்பெடட் கன்ட்ரோலர்’ என்ற தனிச் சிப்பிடம் இருக்கிறது. இத்தனை டிகிரிக்கு இத்தனை சுற்று என்று அதனிடம் ஓர் அட்டவணை உண்டு. ஏறும் புள்ளியும் இறங்கும் புள்ளியும் அருகருகே அமைந்துவிட்டால் விசிறி ஓடி, நின்று, ஓடித் தொல்லை செய்யும். ஒரே சீராகக் கேட்கும் மெல்லிய இரைச்சலைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் கவனத்தைக் கெடுக்கும். திங்க்பேட் லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘திங்க்ஃபேன்’ என்ற நிரல் இருக்கிறது. விசிறிக்கு 0 முதல் 7 வரை நிலைகள். 60 டிகிரியில் ஏறி 52இல் இறங்கு என்பதுபோல இடைவெளி விட்டு எழுதிக்கொடுக்கலாம். லினக்ஸ் இயக்கி இந்த அதிகாரத்தை இயல்பாகப் பூட்டியே வைத்திருக்கிறது, நாமே திறக்க வேண்டும். அதிகபட்சம் 120 நொடிக்கு ஒரு காவல் கடிகாரமும் அதில் உண்டு. அந்தக் கெடுவுக்குள் நிரலிடமிருந்து கட்டளை வராவிட்டால் விசிறி பாதுகாப்பான நிலைக்குப் போய்விடும். சிப்பின் மின்னழுத்தத்தை மட்டும் தனியே குறைக்கும் தந்திரம் ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. 2019இல் ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு பல லேப்டாப்களில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள்.

விசிறியை மந்தமாக்கினால் சிப் எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நூறு டிகிரியை நெருங்கும்போது அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் அணைந்துவிடும். கவலைப்பட வேண்டியது பக்கத்தில் கிடக்கும் பேட்டரிக்காகத்தான். சூட்டில் கிடந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும்.

இன்னொரு வகைச் சத்தமும் உண்டு. காற்றின் இரைச்சலாக இல்லாமல் கரகரவென்று அரைக்கும், லேப்டாப்பைச் சாய்த்தால் மாறும். அது தேய்ந்துபோன பேரிங். எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது, விசிறியைத்தான் மாற்ற வேண்டும். வாங்கும்போது லேப்டாப்பின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பழைய விசிறியின் ஸ்டிக்கரில் இருக்கும் பாகத்தின் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். ஒரே மாடலிலேயே இரண்டு மூன்று விதமான விசிறிகள் இருப்பது சகஜம். இணைப்பானில் எத்தனை ஒயர் என்பதையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.