சிகரெட்டுக்கு ஏறிய வரி பீடிக்கு மட்டும் ஏன் இறங்கியது?

டீக்கடையில் ஒத்தை சிகரெட் வாங்குகிறவர்களுக்கு இது பழைய செய்தி. 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கான ஜி.எஸ்.டி 28%லிருந்து 40% ஆனது. பழைய செஸ் போய், நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு ரூ.2,050 முதல் ரூ.8,500 வரை கலால் வரி வந்தது. ஒரு சிகரெட்டுக்குக் கணக்குப் போட்டால், சுமார் 2 ரூபாயிலிருந்து எட்டரை ரூபாய் வரை.

பீடிக்கோ 28% என்பது 18% ஆகக் குறைந்தது. பீடி சுற்றும் இலைக்கான வரியும் 18%லிருந்து 5%க்கு இறங்கிவிட்டது.

சரி, விலை ஏறினா புகைக்கிறது நிஜமாவே குறையுமா? குறையும். விலை 10% கூடினால், நம்மைப் போன்ற நாடுகளில் பயன்பாடு ஏறத்தாழ 5% குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் காசு குறைவாக இருக்கும் இளைஞர்களும் ஏழைகளும்தான் முதலில் விடுவார்கள். ஆனால் பக்கத்திலேயே மலிவாக இன்னொன்று கிடைத்தால், விடுவதற்குப் பதில் அதற்கு மாறவும் வழி இருக்கிறது.

சிக்கல் அங்கேதான். 2016-17 தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 7.7% பேர் பீடி புகைக்கிறார்கள். சிகரெட் 4% பேர்தான். அதிகம் பேர் புகைப்பதற்குத்தான் வரி குறைவு!

தொழிலாளர்களுக்காக என்று சொல்லப்படுகிறது. அந்தக் கவலை பொய்யில்லை. நாடு முழுக்கச் சுமார் 50 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். நம்ம திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையிலேயே சுற்றுகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். வரி குறைந்ததால் அந்தக் கூலி தானாக ஏறிவிடாது.

மலிவு ரகத்துக்குச் சலுகை தரும் இந்தப் பழக்கம் பிலிப்பைன்ஸிலும் இருந்தது. அங்கே 2012ல் சட்டத்தையே மாற்றினார்கள். மலிவு சிகரெட் பாக்கெட்டுக்கு 2.72 பெசோவாக இருந்த வரி 2013ல் 12 ஆனது. 2017ல் எல்லா ரகத்துக்கும் ஒரே வரி, 30 பெசோ. புகையிலை பயன்படுத்துவோர் 2009ல் 29.7%, 2015ல் 23.8%. கூடுதலாக வந்த பணத்தில் பெரும்பகுதி மக்களின் மருத்துவத்துக்கு, குறிப்பாக ஏழைக் குடும்பங்களின் காப்பீட்டு பிரீமியத்துக்குப் போனது.

இங்கே 2017-18ல் புகையிலை நோய்களாலும் மரணங்களாலும் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் ரூ.1.77 லட்சம் கோடி. இதில் பீடியின் பங்கும் அடக்கம்.