தொழில் வெற்றியும் சொல்வன்மையும்

தொழிலொன்றைச் செவ்வனே ஆற்றுதற்கு நூலறிவு மட்டும் போதுமோ என்பது, கல்லூரி வாயிலைக் கடந்து உத்தியோகம் நாடும் இளைஞர் முதற்கண் ஆராயவேண்டிய வினாவாகும். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை எனப் பொருட்பாலில் மூன்று அதிகாரங்களை வகுத்த திருவள்ளுவர், கற்றதைப் பிறர் கொள்ளுமாறு உரைக்கும் ஆற்றலைத் தனித்ததொரு திறனாகவே கொண்டனர். இன்று மென்திறன் எனப்படுவதன் உயிர்நிலையும் இதுவே.

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த கரடியனாறு, இதனை ஆராய்தற்கு ஏற்ற களம். நெற்செய்கையும் கால்நடை வளர்ப்பும் ஒருங்கே நிகழும் அவ்வூரில் விவசாயப் பயிற்சி நிலையமும் உண்டு. இத்தகைய நிலங்களிற் பணிபுரியும் விவசாயப் போதனாசிரியர் ஒருவருக்கு உண்மையான சோதனை, போகந்தோறும் விதைப்புக்கு முன் கூடும் ஆரம்பக் கூட்டத்திலேயே வாய்க்கின்றது. மதகு திறக்கும் நாள், விதைப்பு முடிக்கவேண்டிய நாள், விதைநெல்லின் வயது, வாய்க்கால் துப்புரவு, மாடுகளை அகற்றும் நாள் ஆகியன அங்கே தீர்மானிக்கப்படும்.

ஒருவர் இரு வாரம் பிந்தி விதைப்பின், அவர் பயிரின்பொருட்டு மதகு மேலும் இரு வாரம் திறந்திருத்தல் வேண்டும். அதனாற் குளத்து நீர் வீணாகும். பட்டிகள் பிந்தி அகன்றால் முளைப்பயிர் அழியும். புல்லும் நீரும் இல்லா இடத்துக்கு முந்தி அகன்றாலோ மாடுகள் நலியும். குளத்தின் நீரளவைப் பொறியியலாளர் கணித்துவிடலாம். ஆயின், விவசாயியும் பட்டிக்காரரும் ஒருங்கே ஏற்கும் நாளைக் கணக்கு மாத்திரம் தந்துவிடாது. பிந்தியவனைக் கடிந்துரைக்குமுன், அவனுக்கு உழவு இயந்திரம் கிட்டவில்லையா, கடைவாய்க்காலுக்கு நீர் எட்டவில்லையா எனக் கேட்டறியும் உத்தியோகத்தரே அந்நாளைக் காண்பர்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 1961இல் பிரிக்கப்பட்ட அம்பாறையில் உள்ளது கல்லோயாத் திட்டம். அதன் இடதுகரை விவசாயிகள் ஒத்துழையாதவர் என அதிகாரிகளாற் கருதப்பட்டனர். 1981இல், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்த முயற்சியில், இளம்பட்டதாரிகள் அவர்களிடையே சென்று தங்கினர். கட்டளையிடாது குறைகளைக் கேட்டனர். ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுக்களாகக் கூட்டினர். நீர் மிக அருகியிருந்த அக்காலத்திலும், வாய்க்கால்கள் கூட்டாகத் துப்புரவு செய்யப்பட்டன. நீர் முறைவைத்துப் பகிரப்பட்டது. தலைவாய்க்காலார் கடைவாய்க்காலார்க்கும் நீர் விட்டனர். இவ்வரலாற்றை நோர்மன் அப்ஹோவ் 1992இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். விவசாயிகள் அவர்களே, அவர்களை அணுகிய முறையே மாறிற்று.

ஆதலின், பொறுமையாகக் கேட்டல், கேட்போர்க்கு விளங்க எளிமையாக உரைத்தல், உடன்பட்டதைத் தானும் தவறாது காத்தல் என்னும் மூன்றும் மாணவப் பருவத்திலேயே பயிலத் தக்கன. கல்லூரிச் சங்கங்களும், விளையாட்டுக் குழுக்களும், விடுதி வாழ்க்கையும் அப்பயிற்சிக்குரிய களங்களாம். அறிவு பிறர் உள்ளத்தைச் சென்றடைந்த வழியே தொழில் பயன் தரும்.