முதலில் மேல் நட்டைக் கழற்றுங்கள்

போன மார்கழியில் அரியாலை கிழக்கில் தெரிந்தவர் ஒருவரின் வள்ளத்தைக் கரையேற்றப் போனேன். மழை விட்டு மூன்றாம் நாள். கடல்நீரேரி பொங்கித் தரவைக்குள் ஏறியிருந்தது. என் ஹைலக்ஸை நாலு சில்லும் இழுக்கும்படி போட்டு, பின்பக்கமாகவே தண்ணீருக்குள் இறக்கினேன். பின் அச்சு முழுக்க அமிழ்ந்தது. வள்ளம் கரைக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, வீட்டு முற்றத்தில் பின் டிபரன்ஷியலின் அடி நட்டைக் கழற்றினேன். பக்கத்தில் தாச்சியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த தங்கச்சியின் மகள் கேட்டாள்.

"என்ன மாமா, பால் தேத்தண்ணி மாதிரி வருது?"

"தண்ணி போயிட்டுது பிள்ளை. உப்புத் தண்ணி."

எஞ்சின் ஒயிலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் அதைவிட இன்னும் நாலு இடங்களில் ஒயில் இருக்கிறது. கியர் பெட்டியில் ஒன்று. அதன் பின்னால், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டியில் ஒன்று. முன் அச்சின் நடுவிலும் பின் அச்சின் நடுவிலும் பூசணிக்காய்போல உருண்டு தெரிகிறதே டிபரன்ஷியல், அவற்றில் ஒவ்வொன்று. வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு உள்சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிபரன்ஷியலின் வேலை. அதற்குள் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவது மட்டுமல்ல, பெரும் அழுத்தத்தோடு வழுக்கிக்கொண்டும் போகின்றன. இடையில் இருக்கும் ஒயில் படலம் அறுந்தால் இரும்பை இரும்பு தின்னும்.

மூடிய இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? ஓடிவந்த டிபரன்ஷியல் நல்ல சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். அதற்காகவே அச்சின்மேல் பிறீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். என் வாகனத்தில் அது சேறு காய்ந்து அடைத்துக் கிடந்தது. மூச்சு விட வழியில்லாமல், சில்லுப் பக்கத்து ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. பிறகு ஒரு றப்பர் குழாயைப் பொருத்தி அந்த மூச்சுக்குழாயைப் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டேன். சில நூறு ரூபாய் வேலை. முன்னமே செய்திருக்கவேண்டும்.

இந்த வேலையை நான் படித்தது முகமாலையில். கண்ணிவெடி அகற்றும் இடத்தில் அம்புலன்ஸ் ஓட்டினேன். வெயிலில் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டுகிற பெடியன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பக்கத்தில், மணலுக்குள் அந்த வாகனம் நாள் முழுக்கத் தயாராக நிற்கும். அநேக நாட்கள் ஓடவே ஓடாது. ஓடவேண்டிய ஒருநாளில் நின்றுவிட்டால் ஒரு உயிர் போகும். அதனால் மெக்கானிக் ஐயா மாதம் தவறாமல் நாலு பெட்டிகளையும் திறந்து, விரலை விட்டுப் பார்ப்பார். நானும் அவரோடு அடியில் படுப்பேன். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்: அடி நட்டில் கை வைக்க முதல் மேல் நட்டைக் கழற்று.

அடி நட்டு பழைய ஒயிலை வடிய விடுவது. மேல் நட்டு புது ஒயில் ஊற்றுவது. வருஷக்கணக்காகத் திறக்காத மேல் நட்டு துருவேறி இறுகியிருக்கும். ஒயிலை வடித்துவிட்ட பிறகு மேல் நட்டு அசையவில்லை என்றால், ஊற்ற வழியில்லாமல் வாகனம் முற்றத்திலேயே நிற்கும்.

ஹைலக்ஸ் உயரமானது. பின் டிபரன்ஷியலுக்கு ஜக் தேவையில்லை, ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தால் போதும். தரை மட்டமாக இருக்கவேண்டும். கை பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குப் பனங்குற்றி அணை கொடுங்கள். ஜக்கில் தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் சரியான ஸ்ராண்ட் வைத்துவிட்டுத்தான் அடியில் போகவேண்டும். சீமெந்துக் கல்லை நம்பவே கூடாது. கண் முன்னாலேயே ஒன்று நொறுங்கியதைப் பார்த்தவன் நான்.

முதலில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு வாருங்கள். இளஞ்சூட்டில் ஒயில் இளகி, கசடையும் அள்ளிக்கொண்டு வரும். அடி நட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் கண்மைபோல ஒரு கறுப்புக் களிம்பு ஒட்டியிருக்கும். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழு என்றிருந்தால் பயமில்லை, வழக்கமான தேய்மானம். நெருடினால், அதுவும் ஒரு கூர்த் துண்டு அகப்பட்டால், எங்கோ ஒரு பல் உடைகிறது. கராச்சில் வாகனத்தை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் இந்தச் சேதி நமக்கு வந்து சேராது. ஒருமுறை பட்டணத்து கராச் ஒன்றில் நாலு பெட்டிக்கும் ஒயில் மாற்றியதாகக் காசு வாங்கினார்கள். வீட்டில் வந்து பார்த்தேன். முன் டிபரன்ஷியல் நட்டின்மேல் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தது. கியர் பெட்டியில் மாற்றியிருந்தார்கள்தான், ஆனால் தவறான ஒயில்.

போத்தலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். டிபரன்ஷியலின் வழுக்கும் பற்களுக்கு ஜிஎல்-5 வேண்டும். அதில் கந்தகச் சேர்மங்கள் கூட. மூடியைத் திறந்ததும் மூக்கில் அடிக்கிற மணம் அதுதான். பழைய கியர் பெட்டிகளுக்குள் கியரைச் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கும் பித்தளை வளையங்கள் உண்டு. சில ஜிஎல்-5 ஒயில்கள் அந்தப் பித்தளையை அரிக்கும். என் வாகனத்தில் இரண்டாம் கியர் விழ மறுத்தது அந்தக் கராச் வேலைக்குப் பிறகுதான். வாகனத்தோடு வந்த கையேடு எதைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள், கடைக்காரர் சொல்வதை அல்ல.

ஊற்றும்போது அளவுகோல் எதுவும் இல்லை. என் பின் டிபரன்ஷியல் இரண்டு லீற்றருக்குச் சற்று மேல் குடிக்கும். மேல் துவாரத்திலிருந்து ஒயில் மெல்ல வழிந்தால் நிறுத்தலாம். அதற்குமேல் திணித்தால் மிச்சம் சீலைத் தள்ளிக்கொண்டு பிறேக்குக்குள் போகும். நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள்.

வடித்த ஒயிலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வேலிக் கட்டைக்குக் கறையானுக்காகக் கழிவொயில் பூசுவதும், மிச்சத்தை வளவு மூலையில் கொட்டுவதும் எங்கள் ஊர்களில் பழைய வழக்கம். எங்கள் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளில் தேங்கும் மழைநீர். மேலே ஊற்றியது கீழே போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கி, வாளியில் படலமாக மிதந்ததை நாங்கள் கண்டோம். அதற்காகத் தொடுத்த வழக்கில் 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கிணற்றை மூடிவிட்டு பவுசரில் வந்த தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு அந்தக் காசு எதை ஈடு செய்யும்? என் தாச்சி ஒயில் முழுவதையும் மூடி இறுக்கிய கானில் ஊற்றி, சேவிஸ் செய்யும் இடத்துப் பழைய ஒயில் பீப்பாயில் சேர்க்கிறேன்.

ஒரு பழைய வாகனத்துக்கு இவ்வளவு பாடு ஏன்? 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்தும், விலை எங்களைப்போன்ற ஆட்களுக்கு எட்டாது. இருக்கிற வாகனத்தை இருத்திக் காப்பாற்றத்தான் வேண்டும். மண்ணெண்ணெயில் ஏ-40 காரை ஓட்டி யுத்தகாலத்தைக் கடந்த ஊருக்கு இது புதிதல்ல.

பால் தேத்தண்ணி மாதிரி வடிந்த அன்றைக்குப் புது ஒயில் ஊற்றி, நாவற்குழிப் பாலம் தாண்டிக் கைதடிவரை ஓடித் திரும்பிவந்து, மறுபடி வடித்தேன். இலேசாகக் கலங்கல். இன்னொரு தடவை ஊற்றினேன். ஒரு கிழமை கழித்து மூன்றாம் முறை அடி நட்டைத் திறந்தபோது மருமகள்தான் படுத்திருந்தாள், நான் தாச்சியைப் பிடித்திருந்தேன்.

"தேன் நிறம் மாமா," என்றாள்.

"விரலுக்குள்ள தேய்ச்சுப் பார்."

தேய்த்தாள். "வழுவழு எண்டிருக்கு."

"அப்ப நட்டைப் பூட்டு. வாஷரை மறந்திடாத."