வெளிறிய பவளம் செத்துவிட்டதா?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் போனால் முதலில் வரும் தீவு மண்டைதீவு. 1990 வரை சோனகத் தெருவில் வாழ்ந்த எங்கள் வாப்பா, சிறுவயதில் சைக்கிளில் அங்கே போன கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு விடுமுறையில் எங்களையும் அங்கே கூட்டிச் சென்றார். கரையோரத் தண்ணீரில் உள்ளங்கை அளவான வெள்ளைக் கல்லொன்றைக் கண்டெடுத்தேன். அதன் மேலே நெருக்கமாகச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நட்சத்திரம் போல மெல்லிய கோடுகள்.

“முருகைக்கல் மகள். நெடுந்தீவில் மதிலெல்லாம் இதுதான்” என்றார் வாப்பா.

அந்தக் குழிகள் எனக்குப் பழக்கமானவை. கொழும்பில் சாச்சாவின் கடல்மீன் தொட்டிக்கு முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் பல மாதங்கள் உட்கார்ந்திருக்கிறேன்.

2022 மார்ச்சில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது நினைவிருக்கும். சாச்சாவின் தொட்டியில் வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்து, உரிய அனுமதியுடன் வந்த பவளங்கள் இருந்தன. (நம் கடலில் உயிருள்ள முருகைக்கல்லைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம்.) நீரைச் சுழற்றும் பம்பி நின்றது. பற்றரியும் தீர்ந்தது. தண்ணீர் 31 பாகை செல்சியசுக்கு ஏறியது. சில நாட்களில் கபில நிறக் கிளைப்பவளம் வெள்ளைவெளேரென்று ஆனது.

“மௌத்தாகிவிட்டதா சாச்சா?” என்று கேட்டேன்.

“நீயே பார்” என்று கண்ணாடியைத் தந்தார்.

பவளம் என்பது கல்லல்ல. கல்சியம் காபனேற்றினால் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் பொலிப்பு என்ற சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் இழையத்துக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவில் பெரும்பங்கைப் பொலிப்புக்குக் கொடுக்கின்றன. நிறமும் பெரும்பாலும் அவற்றால்தான். வெப்பம் மிஞ்சினால் இந்த உறவு முறிந்து அல்காக்கள் வெளியேற்றப்படும். அப்போது கண்ணாடி போன்ற இழையத்தினூடாக உள்ளே இருக்கும் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். இதுவே வெளிறல். பொலிப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கும், ஆனால் பட்டினி கிடக்கும். இரவில் பார்த்தபோது பல கிளைகளில் பரிசக்கொம்புகள் மெல்ல விரிந்தன. மூன்று கிளைகளில் மட்டும் இழையம் உரிந்து, வெற்றுக்கூட்டில் பச்சைப் பாசி படியத் தொடங்கியிருந்தது. அந்தப் பகுதிதான் உண்மையில் செத்தது. அது திரும்பாது.

நானாக இருந்தால் உடனே ஐஸ் போட்டிருப்பேன், நல்ல வெளிச்சம் கொடுத்திருப்பேன். இரண்டுமே பிழை. திடீர் மாற்றம் இன்னோர் அடி. சாச்சா சிறு மின்விசிறியை நீர்மட்டத்துக்கு மேலே வைத்து, ஆவியாதலால் இரண்டு நாட்களில் 27 பாகைக்கு இறக்கினார். ஆவியாகிய அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரை ஊற்றி உவர்த்தன்மையைக் கிலோவுக்கு 35 கிராமில் வைத்திருந்தார். விளக்கின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்தார். அல்கா குறைந்த இழையத்துக்குக் கடும் ஒளி நஞ்சு மாதிரி. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. விளக்கணைத்த பின், அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைக் குழாயால் பொலிப்புகளுக்கு மேல் மெல்ல விடுவோம். அதிகம் கொடுத்தால் மிஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும்.

செத்துக்கொண்டிருந்த கிளைகளை, நல்ல இழையத்தோடு சேர்த்து ஒரு விரல் கீழே அல்ல, மேலே வெட்ட வேண்டும். அழுகல் பரவாமல் நுனி தப்பும். அப்படி வெட்டிய நுனிகளை சூப்பர் குளூ ஜெல்லால் சிறு கற்களில் ஒட்டினோம். ஏழு துண்டுகளில் மூன்று போய்விட்டன. இரண்டு மாதம் எதுவுமே நடக்கவில்லை. நான் சலித்தே போனேன். பிறகு ஒரு கிளையின் அடியில் தேநீர்ச் சாயம் போல இளங்கபிலம் தெரிந்தது.

இதே துண்டு ஒட்டும் வேலையைத் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் செய்துவருகிறது. அங்கே கண்ணாடித் தொட்டி இல்லை. கடலடியில் சீமெந்துச் சட்டங்களில் துண்டுகளைக் கட்டுகிறார்கள். ஆனால் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது, சாச்சா செய்ததுபோல விளக்கைக் குறைக்க யாராலும் முடியவில்லை. 1998இல் நமது ஹிக்கடுவையிலும் அப்படித்தான் ஆழம் குறைந்த இடப் பவளங்கள் பெருமளவில் அழிந்தன. யாழ்ப்பாணக் கடலில் இன்னும் என்னவெல்லாம் உண்டு என்பதே இப்போதுதான் தெரியவருகிறது: 2021இல் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் முன்னர் பதிவாகாத 36 பவள இனங்கள் குடாநாட்டைச் சுற்றி இருப்பதை உறுதிசெய்தது.

மண்டைதீவில் வாப்பா கேட்டார்: “இந்தக் கல்லும் உங்கள் தொட்டியில் வைத்தால் உயிர்க்குமா?”

“இல்லை வாப்பா, இது ஆளில்லாத வீடு. ஆனால் நீந்தித் திரியும் பவளக் குடம்பி வந்து ஒட்டுவதற்கு இப்படியான கெட்டித் தளம்தான் வேண்டும்.”

“அப்படியென்றால் எடுத்த இடத்திலேயே வை” என்றார். குழிகள் மேலே பார்க்கும்படி தண்ணீருக்குள் வைத்துவிட்டு வந்தேன்.