கூரையில் சோலார், வீட்டுக்குள் இருட்டு

2017 செப்டம்பர் 20 காலையில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவின் தென்கிழக்கே, யபுகோவா அருகே கரையைக் கடந்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர். தீவு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. முப்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் அந்தக் கரீபியன் தீவில் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. இறந்தவர்கள் 64 பேர் என்று முதலில் சொன்ன அரசு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, 2018 ஆகஸ்டில் அந்தக் கணக்கை 2,975 என்று திருத்தியது. புயலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் இவை. ஆக்சிஜன் கருவி, டயாலிசிஸ், குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய இன்சுலின் என்று மின்சாரத்தை நம்பி உயிர் வாழ்கிறவர்களுக்கு, மழை ஓய்ந்த பிறகும் புயல் ஓயவில்லை.

தீவின் பெரிய மின்நிலையங்கள் தெற்குக் கரையில் இருக்கின்றன. மக்கள் பெரும்பாலும் வடக்கே, சான் வான் நகரைச் சுற்றி வாழ்கிறார்கள். நடுவில் மலைத்தொடர். அதைத் தாண்டி வந்த கம்பிகள் அறுந்ததும் எல்லாம் முடிந்தது. அப்போது சூரியசக்தி, காற்று எல்லாம் சேர்ந்தே நூற்றுக்கு 2 பங்கு மின்சாரம்தான் கொடுத்தன. மற்றதெல்லாம் கப்பலில் வந்த எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியும்.

ஆகவே சோலார் வைத்தால் போதும் என்று பலரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் மரியா சோலாரையும் விட்டுவைக்கவில்லை. கிழக்கே உமகாவோவில் இருந்த பெரிய சூரிய மின்நிலையம் சிதைந்தது. நகுவாபோவின் புன்டா லிமா காற்றாலைகளில் இறக்கைகள் முறிந்து தொங்கின. அதே புயலில் தெற்கே சான்டா இசபெல் காற்றாலைகள் தப்பின. சான் வானில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக் கூரையில் இருந்த 645 கிலோவாட் சோலாரும் தப்பியது. புயலின் பாதை ஒரு காரணம். மற்றொரு காரணம் போல்ட்டும் நட்டும்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ராக்கி மவுன்டன் இன்ஸ்டிடியூட் பொறியாளர்கள் கரீபியன் தீவுகளில் விழுந்த சோலார் அமைப்புகளையும் நின்ற அமைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விழுந்தவற்றில் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒரு சின்ன உலோகத் துண்டு. இரண்டு பேனல்களின் ஓரத்தையும் மேலிருந்து சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அது. காற்றில் சட்டம் அதிர அதிர நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. ஒரு பேனல் பறந்துவிட்டால், அதனோடு கிளாம்ப்பைப் பகிர்ந்துகொண்ட பக்கத்துப் பேனலுக்கும் பிடிமானம் போய்விடுகிறது. அப்படியே வரிசை முழுவதும் கழன்றுவிடும். கழன்ற பேனல்கள் மோதி, நன்றாக நின்ற வரிசைகளும் உடைந்தன. தப்பிய அமைப்புகளில் பேனலின் சட்டத்திலேயே துளையிட்டு போல்ட்டை ஊடுருவ விட்டு, அதிர்வுக்குத் தளராத நட்டுப் போட்டிருந்தார்கள். தாங்குகால்கள் ஒற்றையாக இல்லாமல் இரட்டையாக இருந்தன. குறுக்குத் தாங்கல்கள் இருந்தன. காற்றுச்சுமைக் கணக்கு காகிதத்தில் இருந்தது.

காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பேனலின் விவரத்தாளில் 5,400 பாஸ்கல் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் முன்பக்கச் சுமை, பனி விழும் நாடுகளுக்கான எண். புயல்காற்று பேனலைக் கீழிருந்து தூக்குகிறது. அந்தப் பின்பக்கத் தாங்குதிறன் பல பேனல்களில் 2,400தான். மணிக்கு 250 கிலோமீட்டர் காற்றின் அழுத்தமே 2,900 பாஸ்கல் அளவுக்கு வரும். வாங்குகிறவர் கேட்க வேண்டியது பின்பக்க எண்ணை.

இனி, பேனல் அசையாமல் நின்றும் வீடு இருண்டு கிடப்பது ஏன்? மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண இன்வெர்ட்டர், வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். அறுந்த கம்பியைச் சரிசெய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. குறை சொல்ல முடியாது. ஆனால் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. புயல் முடிந்த மறுநாள் வெயில் கொளுத்தும்போது, பல லட்சம் செலவழித்த வீட்டில் ஒரு விளக்குகூட எரியாது. வெளிக்கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு தனியே இயங்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால்தான் எரியும். 2022 செப்டம்பர் 18-ல் ஃபியோனா புயல் போர்ட்டோ ரிக்கோவை மறுபடி இருட்டாக்கியபோது, பேட்டரி வைத்திருந்த வீடுகளில் வெளிச்சம் இருந்தது.

காற்றாலைக்கும் வழி உண்டு. குவாதலூப், நெவிஸ் போன்ற கரீபியன் தீவுகளில் புயல் வருமுன் கம்பத்தோடு தரையில் சாய்த்து வைக்கக்கூடிய சிறிய காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள்.

மரியாவுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ மக்கள் உரிமைகளைச் சட்டமாகவே பெற்றார்கள். ஊராரே கூட்டுறவாகச் சேர்ந்து சிறு மின்வலையம் அமைக்க 2018-ல் விதி வந்தது. 25 கிலோவாட் வரையிலான சோலாருக்கு 30 நாளுக்குள் இணைப்புத் தர வேண்டும் என்று 2019-ன் 17-ம் எண் சட்டம் சொன்னது. சட்டத்துக்கு முன்பே வழிகாட்டியது அட்ஹுன்டாஸ் என்ற மலையூர். அங்கே சுரங்கத்தை எதிர்த்து 1980-ல் உருவான காசா புவேப்லோ அமைப்பின் இளஞ்சிவப்பு வீட்டில் 1999 முதலே சோலார் இருந்தது. மரியாவுக்கு மறுநாள் ஊரே அங்கே வந்தது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள், சுவாசக் கருவியை ஓட்டினார்கள். பிறகு அந்த அமைப்பு பல்லாயிரம் சோலார் விளக்குகளைக் கொடுத்தது, மருந்து வைக்கக் குளிர்பெட்டிகள் கொடுத்தது. 2023 மார்ச்சில் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளை இணைத்து பேட்டரியோடு தனி மின்வலையமே தொடங்கிவிட்டது.

நம் கரையோரத்துக்கும் இது பொருந்தும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் காவிரி டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. இப்போது அதே ஊர்களின் கூரைகளில் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் சோலார் ஏறுகிறது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்தைத் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்க வேண்டும் என்று மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தம் சொல்கிறது. திட்டத்தில் பதிவுபெற்ற நிறுவனம் ஐந்தாண்டு பராமரிப்புக்கும் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி உங்கள் ஊருக்கான காற்றுச்சுமைக் கணக்கு, பேனலைப் பிடிக்கும் முறை, மின்தடையின்போது அமைப்பு இயங்குமா என்ற பதில். எழுதிக் கொடுத்ததை மீறினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். அமைத்த அன்றே போல்ட்டுகளைக் கிட்டத்தில் படமெடுத்து வையுங்கள், காப்பீடு கேட்கும்போது அது சாட்சி. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் நட்டுகளை முடுக்கச் சொல்லுங்கள். புயலில் உடைந்த பேனலை மட்டும் நீங்களே தொடாதீர்கள், வெளிச்சம் பட்டால் உடைந்த பேனலும் ஷாக் அடிக்கும்.

எல்லா வீட்டுக்கும் பேட்டரி வாங்கும் வசதி வராது. அதனால் பொதுப்பணத்தில் முதல் பேட்டரி துணை சுகாதார நிலையத்துக்கும், அடுத்தது மக்கள் ஒதுங்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்கும், அதற்கடுத்தது குடிநீர் மோட்டாருக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதைக் கேட்கும் இடம் கிராமசபை. நவம்பர் 1 கூட்டம் வரும்போது பருவமழை தொடங்கியிருக்கும். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.