மோட்டார் ஏன் கொதிக்கிறது?

தச்சுப் பட்டறையில் பலகையை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையால் அரைநாள் பிடிக்கும் இந்த வேலையைச் சாண்டிங் இயந்திரம் சில நிமிடங்களில் முடித்துவிடும். உப்புத்தாள் சுற்றிய ஓர் உருளை. அதை பெல்ட் மூலம் சுழற்ற ஒரு மின்மோட்டார். அதன் அமைப்பு அவ்வளவுதான்.

தூத்துக்குடி மாவட்டம் குளத்தூரில் ஒரு தச்சர் இப்படிப்பட்ட பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சும்மா ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. வேப்பம்பலகையை வைத்து அழுத்தியதும் மோட்டார் முனகுகிறது, வேகம் குறைகிறது. பத்து நிமிடத்தில் மேற்கூட்டில் கை வைக்க முடியவில்லை. வார்னிஷ் கருகும் வாடை வேறு. "இந்த மோட்டார் பத்தாது அண்ணாச்சி, பெரிசா ஒண்ணு போடுங்க" என்பார்கள் பக்கத்தில் நிற்பவர்கள். பெரிய மோட்டாருக்குப் பணம் வேண்டுமே! அதற்கு முன் இயற்பியலிடம் யோசனை கேட்போம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

தூண்டல் மோட்டாரின் வெளிப்பகுதியில் உள்ள கம்பிச்சுருள்கள் ஒரு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டாரில் இப்புலம் நிமிடத்திற்கு 1,500 முறை சுற்றும். உள்ளே இருக்கும் சுழலி அதைத் துரத்திக்கொண்டு, சற்றே பின்தங்கி, முழுப் பாரத்தில் 1,440 சுற்று அளவில் ஓடும். பாரம் மிகுந்தால் சுழலி மேலும் பின்தங்கும். சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்.

வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1841-இல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்டார். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் சுருளின் வெப்பம் 2.25 மடங்கு! மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும்.

சுருளின் காப்புப்பூச்சுக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டிலும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. சாதாரண மோட்டார்கள் 40 டிகிரி வரையுள்ள சுற்றுப்புறத்திற்கென்றே செய்யப்படுகின்றன. கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், அந்த எல்லையைத் தாண்டிவிடலாம்.

மின்சாரம் முழுமையாக வருகிறதா?

முதல் சோதனை இதுதான். மோட்டாரின் திருப்புத்திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 184 வோல்ட் வந்தால் அழுத்தம் 80 சதவீதம். திருப்புத்திறனோ 64 சதவீதம்தான்!

இந்தக் குறை பட்டறைக்குள்ளேயே உண்டாகலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 40 மீட்டர் நீட்டி இணைப்புக் கொடுத்தால், போக வர 80 மீட்டர். தடை ஏறத்தாழ 1.45 ஓம். 8 ஆம்பியர் பாய்ந்தால் 11 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஆகவே மின்னழுத்தத்தை இயந்திரத்தின் முனையில், பலகையைத் தேய்க்கும்போதே அளக்க வேண்டும். சும்மா ஓடும்போது அளந்தால் குறை வெளியே தெரியாது.

பெல்ட்டைக் கழற்றினால்?

மின்னழுத்தம் சரியாக இருந்தால், இணைப்பைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் விரைவில் கொதித்தால் நோய் மோட்டாருக்குள் இருக்கிறது. கண்டென்சர் பழுதாகியிருக்கலாம். தொடக்கச் சுருளைத் துண்டிக்கும் சுவிட்ச் மரத்தூள் அடைத்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். முன்பு ரீவைண்டிங் செய்தவர் தவறான கம்பியைச் சுற்றியிருக்கலாம்.

மோட்டார் அமைதியாக ஓடினால் நோய் இயந்திரத்தில். உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள்; இறுக்கமாக இருந்தால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். உப்புத்தாள் மழுங்கியிருந்தால் மரத்தை அறுக்காது, உரசிச் சூடாக்கும்; தச்சரோ இன்னும் பலமாக அழுத்துவார்!

பழைய இயந்திரத்தில் புல்லியையும் பார்க்க வேண்டும். வேகம் வேண்டி, முன்பிருந்தவர் மோட்டாரில் 3 அங்குலப் புல்லிக்குப் பதில் 4 அங்குலம் மாட்டியிருந்தால், உருளையின் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே அழுத்தத்தில் மோட்டாரின் மேல் பாரமும் அதே அளவு கூடும். இங்கே தேவை ஒரு சிறிய புல்லி மட்டுமே.

ஓர் எச்சரிக்கை. மின்சாரம் நின்ற பிறகும் கண்டென்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே இச்சோதனைகளைத் தேர்ந்த எலக்ட்ரீஷியன் செய்யட்டும். கணக்கை நீங்கள் போடுங்கள். சூடானால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்சை ஒருபோதும் நீக்கக்கூடாது. சூடான மோட்டாரும் உலர்ந்த மரத்தூளும் சேர்ந்தால் பட்டறையே எரிந்துபோகும்.

உங்கள் ஊர் மாவு மில்லுக்குப் போகும்போது மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படித்துப் பாருங்கள். சுற்று 2,880 என்றிருந்தால், அதற்கு எத்தனை துருவங்கள்? சுழலி எத்தனை சுற்று பின்தங்குகிறது? கண்டுபிடியுங்கள்!